பெங்களூரில் வீட்டிலேயே பரிசு இனிப்பு: பாகிலிருந்து பெட்டி வரை

தீபாவளிக்குத் தொடங்கினால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சங்கராந்தி என்று பெங்களூரில் மூன்று மாதம் இனிப்புப் பெட்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். எதிர் வீட்டுக் கன்னடக்காரர்கள் ஒரு தட்டு நீட்டுவார்கள், மேல் மாடி மங்களூர்க் குடும்பம் கிறிஸ்துமஸ் பலகாரமான குஸ்வார் தட்டோடு வரும், ஆபீஸில் யாராவது மேசை மேசையாகப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு நாமும் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் நம் கையால் செய்து, நாமே மடித்துக் கட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்கும் முகமே வேறு.

இதுவரை இனிப்பே செய்து பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், சாம்பார் வைக்கத் தெரியும், இனிப்பு என்றால் மட்டும் பயம் என்பவர்கள்தான் என் கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் பாகு. அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கிண்டுவதும் வெட்டுவதும்தான்.

என்ன செய்வது என்பதை நாள் கணக்கு சொல்லும்

யூடியூபில் பார்த்ததும் ஆசை வருவதைச் செய்யக் கூடாது. பரிசாகப் போகும் இனிப்பு உங்கள் வீட்டில் ஒரு நாள், பையில் அரை நாள், அவர்கள் வீட்டு மேசையில் நாலைந்து நாள் இருக்கும். அத்தனை நாளும் கெடாமல் இருக்கிற பண்டமாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் இதில் அடிப்படை.

கடலை மிட்டாய், எள்ளு மிட்டாய் மாதிரி பாகு முற்றிய பண்டங்கள் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் வரை நன்றாக இருக்கும். முந்திரி கத்லி வெளியில் ஒரு வாரம். காம்பவுண்ட் சாக்லேட்டில் தோய்த்த பாதாம், உலர்திராட்சை ஒரு மாதம்கூட இருக்கும். தேங்காய் பர்ஃபிக்கு வெளியில் மூன்று நாள்தான். அதை அதே கட்டிடத்துக்குள் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பால்கோவா, பேடா போன்ற பால் இனிப்புகளை வாங்கியவர் அன்றே ஃப்ரிட்ஜில் வைப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய எடுக்க வேண்டாம். குலாப் ஜாமூனும் ஜாங்கிரியும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பரிமாறத்தான் சரி, பரிசுப் பெட்டிக்கு ஆகாது. ஜீரா ஒழுகிப் பெட்டி நனைந்து, வாங்கிப் போகிறவரின் பையும் பாழாகும்.

முதல் வருடம் இரண்டு வகை போதும். ஒன்று பாகில் செய்வது, இன்னொன்று பாகே இல்லாதது. ஐந்து வகை போட்டால் பெட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றாவது அரைகுறையாக நிற்கும்.

நாளையும் பார்த்து எடுக்க வேண்டும். அக்டோபரில் பெங்களூரில் சாயங்காலமானால் மழை. அந்த ஈரக்காற்றில் சர்க்கரைப் பண்டம் எதுவும் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துப் போகும், ஏனென்றால் சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தீபாவளிக்குச் செய்வதானால் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து நண்பகலுக்கு மேல் தொடங்குங்கள். காலையில் காற்றில் ஈரம் அதிகம். டிசம்பர், ஜனவரி இந்த வேலைக்கு அருமையான மாதங்கள். மழை ஓய்ந்து, காற்று வறண்டு, குளிரும் இருக்கும். சாக்லேட்கூட ஃப்ரிட்ஜ் இல்லாமல் தானாக இறுகிவிடும்.

பாகு

சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைந்து, கலவை கெட்டியாகி, சூடும் ஏறிக்கொண்டே போகும். எந்தச் சூட்டில் இறக்குகிறோமோ அதுதான் இனிப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது. ஒரு கம்பிப் பதத்தில் இறக்கினால் கத்லி, பர்ஃபி. இன்னும் சற்று விட்டு உருட்டுப் பதத்தில் இறக்கினால் மென்று தின்கிற டாஃபி வகை. அதையும் தாண்டி, தண்ணீரில் விட்டால் உடைகிற பதம் வரை போனால் கடலை மிட்டாய்.

பெங்களூரில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இதில் உண்டு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. அதனால் இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. சமையல் குறிப்புகளில் போட்டிருக்கும் சூடெல்லாம் கடல் மட்டக் கணக்கு. தெர்மாமீட்டர் வைத்துச் செய்பவர்கள் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் மூன்று டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். உருட்டுப் பதம் 112 முதல் 116 என்று போட்டிருந்தால் இங்கே 109 முதல் 113. நன்றாக முற்றி உடைகிற பதம் 146 முதல் 154 என்றால் இங்கே 143 முதல் 151. சென்னையில் இருக்கிற அக்கா 115 டிகிரியில் இறக்கச் சொன்னார் என்று இங்கேயும் 115 வரை காத்திருந்தால் பாகு முற்றிவிடும். தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இதுவே வழி: தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் நுனியை வையுங்கள், 97ஐ ஒட்டிக் காட்டினால் கருவி சரி.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டுப் பாகு விட்டுப் பார்க்கும் முறைக்கு உயரம், மலை எதுவும் கணக்கில்லை. எந்த ஊரிலும் அது உண்மையைச் சொல்லும். நான் தெர்மாமீட்டரைவிட அதைத்தான் நம்புகிறேன்.

சர்க்கரைப் பாகு சில சமயம் கிண்டிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய் மணல் மாதிரி ஆகிவிடும். வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கரையாத சர்க்கரை மணி ஒன்று உள்ளே விழுந்தாலே போதும், அதைப் பற்றிக்கொண்டு மற்றதெல்லாம் மணியாகத் தொடங்கும். இதைத் தடுக்க, சர்க்கரை முழுக்கக் கரையும் வரை அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டியைப் போடாதீர்கள். ஓரத்தில் ஒட்டியதை ஈரத் துணியாலோ நனைத்த பிரஷாலோ வழித்து விடுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸாகப் பிரிந்து மணியாவதைத் தடுக்கும். சொட்டுக் கணக்கு முக்கியம். ஸ்பூன் கணக்கில் விட்டால் பாகு இறுகாமலே போய்விடும். பூத்துப்போன பாகைக் கொட்ட வேண்டியதில்லை. கால் கப் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் மறுபடி கரைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வாணலியில் விரலை விட்டுப் பதம் பார்க்காதீர்கள். தட்டில் ஒரு சொட்டு வைத்து, ஆறிய பிறகு தொடுங்கள். கையில் பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம்.

கடலை மிட்டாய்

பாகு பழக இதைவிட நல்ல பண்டம் கிடையாது. சாமான் மலிவு, பதம் தவறினாலும் வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம், கெட்டுப் போகாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த வீட்டிலிருந்து போகிற பரிசுக்கு இது பொருத்தமும்கூட.

நல்ல கடலை கிடைக்கிற காலமும் நமக்குத் தோதாகவே அமைகிறது. கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில், காளை கோவிலை ஒட்டிக் கடலைக்காய் பரிஷே என்ற கடலைத் திருவிழா கூடும். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் எல்லாப் பக்கமிருந்தும் புதுக் கடலை மூட்டை மூட்டையாக வந்து தெருவோரம் குவிந்திருக்கும். அங்கே வாங்கினால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பச்சைக் கடலையில் ஈரம் அதிகம், அது வேக வைத்துத் தின்னத்தான். மிட்டாய்க்குக் காய்ந்த காயாகக் கேட்டு வாங்கி, தோலுரித்து மேலும் ஒரு நாள் வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் கடையில் உரித்த கடலையையே வாங்கிவிடலாம்.

வெல்லத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எல்லா வெல்லமும் முற்றிய பாகுக்கு வராது. உப்புத்தன்மை உள்ள வெல்லம் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் உடையாது, ரப்பராக இழுத்துக்கொண்டே இருக்கும். கே.ஆர். மார்க்கெட்டிலோ அல்சூர் கடைகளிலோ தமிழிலேயே கேட்கலாம். “அண்ணா, வெல்லம் ஒரு கிலோ” என்றால், “பாயசத்துக்கா, பாகுக்கா?” என்று விவரம் தெரிந்த கடைக்காரர் அவரே திருப்பிக் கேட்பார். பாகுக்கு என்று சொல்லி வாங்குங்கள். மண்டியா வெல்லம் இங்கே எளிதாகக் கிடைக்கும். பளீரென்று மஞ்சளாக இருப்பதைவிடப் பழுப்பாக, கையால் உடைத்தால் மொறுமொறுவென்று உடைவதை எடுங்கள். ஒரு துண்டு வாயில் போட்டு உப்புக் கரித்தால் வேண்டாம்.

அளவு: வேர்க்கடலை 300 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 50 மில்லி, நெய் ஒரு டீஸ்பூன், சுக்குப் பொடி கால் டீஸ்பூன், இரண்டு ஏலக்காய். கப் கணக்கைவிடத் தராசு நல்லது. வெல்லத்தைப் பொடித்த விதத்தைப் பொறுத்து ஒரு கப்பின் எடை ஏகத்துக்கு மாறும்.

கடலையை அடி கனமான வாணலியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுங்கள். தோல் வெடித்து, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, வாசனை வர வேண்டும். ஒரு கடலையை எடுத்து ஆறவிட்டுக் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். பச்சை வாசனை இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். துணியில் கொட்டித் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, பாதிப் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடலையைவிட உடைத்த கடலை நெருக்கமாகப் படியும், துண்டு போடும்போது உதிராது. பாகில் சேர்க்கும் நேரம் கடலை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜில்லென்ற கடலையைப் போட்டால் பாகு கிளறும்போதே இறுகிவிடும்.

பாகு வைப்பதற்கு முன்னாலேயே தட்டு, சப்பாத்திக் கட்டை, கத்தி மூன்றிலும் நெய் தடவிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர். பாகு தயாரான பிறகு எதையும் தேட நேரம் இருக்காது.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வெல்லத்திலும் மண் இருக்கும். வாணலியைத் துடைத்து மறுபடி ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாக நுரைத்துக்கொண்டு வரும். ஐந்து நிமிடம் போனதும் குமிழி சிறுத்து, நிறம் ஆழ்ந்து, மேலே ஒரு பளபளப்பு ஏறும். இப்போது தீயைக் குறைத்துப் பதம் பார்க்கத் தொடங்கலாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டதும் கரைந்து பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டால் அது உருட்டுப் பதம், அதிரசத்துக்குச் சரி, நமக்குப் போதாது. அடுத்த முறை பார்க்கும்போது உருண்டை கெட்டியாக இருக்கும், ஆனால் வளைத்தால் வளையும். புதியவர்கள் இறக்கிவிடுவது இந்த இடத்தில்தான். இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த துண்டு இரண்டு விரலுக்கு நடுவே டக்கென்று முறிய வேண்டும். தட்டில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை பதம் பார்க்கும்போதும் வாணலியை அடுப்பிலிருந்து சற்றுத் தூக்கிவிடுங்கள். முறிகிற பதத்துக்கும் கருகுவதற்கும் இடையில் அரை நிமிடம் இருந்தாலே பெரிது.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து நெய், சுக்கு, ஏலப்பொடி, கடலை எல்லாவற்றையும் போட்டு வேகமாகக் கிளறித் தட்டில் கொட்டுங்கள். கட்டையால் அரை அங்குல கனத்துக்குத் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஆறிய பிறகு அந்தக் கோட்டிலேயே உடைந்து வரும். கோடு போட மறந்தால் ஏறுமாறாகத்தான் உடையும். தின்னப் பரவாயில்லை, பெட்டியில் அடுக்க வராது.

ஆறிய பிறகும் பல்லில் ஒட்டினால் பதம் ஒரு படி குறைவு. துண்டுகளை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக்கி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு உருண்டை பிடித்துவிடுங்கள். அந்த லட்டுவும் பத்து நாள் இருக்கும், பெட்டியில் போட எந்தக் கூச்சமும் வேண்டாம். கசந்தால் மட்டும் கருகிவிட்டது என்று அர்த்தம், அதைக் காப்பாற்ற வழியில்லை.

எள், பொட்டுக்கடலை, உடைத்த முந்திரி எதற்கும் இதே பதம், ஏறக்குறைய இதே அளவு. எள்ளுக்கு மட்டும் வெல்லத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முந்திரி கத்லி

கடலை மிட்டாய்க்கு அடுத்தபடி இதைச் சொல்வேன். செலவு கூடுதல், ஆனால் மரியாதையான பண்டம், பாகும் ஒரு கம்பிப் பதம்தான். முந்திரி 300 கிராம், சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 120 மில்லி. உடைந்த முந்திரியே போதும், எப்படியும் பொடிக்கத்தானே போகிறோம். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் உலர்பழக் கடைகளில் துண்டு முந்திரி தனியாக, விலை குறைவாகக் கிடைக்கும்.

முந்திரியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் அரைக்கக் கூடாது. ஈரம் கோத்துப் பிசுக்காகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். சலித்து, தங்கிய ரவையை மறுபடி அரைத்துச் சலியுங்கள். சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஆறிய சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே இழுத்தால் ஒரு கம்பி அறுபடாமல் நின்றதும் தீயைக் குறைத்து முந்திரிப் பொடியைக் கொட்டிக் கிளறுங்கள். ஆறேழு நிமிடத்தில் சுருண்டு வாணலியை விட்டு வரும். நெய் தொட்ட விரலில் துளி எடுத்து உருட்டினால் ஒட்டாமல் உருள வேண்டும். அங்கேயே இறக்கிவிட வேண்டும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று நின்றால் கத்லி தூளாக உதிரும்.

பட்டர் பேப்பரில் கொட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு ஸ்பூன் நெய் விட்டு மூன்று நிமிடம் பிசையுங்கள். மேலே இன்னொரு பேப்பர் வைத்துத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டுங்கள். பிசையும்போது உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான பால் தெளித்தால் சேர்ந்துகொள்ளும். ஆனால் பால் சேர்த்ததை மூன்று நாளுக்குள் தின்றுவிட வேண்டும், அதைப் பெட்டிக்கு வைக்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கென்றால் இதே மாவில் இரண்டு டீஸ்பூன் பன்னீர் (ரோஸ் வாட்டர்) விட்டுப் பிசைந்து, சின்னச் சின்னப் பழம், பூ என்று உருட்டலாம். மங்களூர், கோவாக் கிறிஸ்தவ வீடுகளில் பாதாமுக்குப் பதில் முந்திரியில் மார்சிபான் என்ற இனிப்பைச் செய்வது வழக்கம். நம் கத்லிக்கு அது நெருங்கிய உறவு. அச்சு கிடைத்தால் இன்னும் அழகாக வரும்.

அடுப்பு அதிகம் வேண்டாதவை

இரண்டாவது வகைக்குப் பாகில்லாத ஒன்று வேண்டும் என்று சொன்னேனே, அதற்குச் சாக்லேட் இருக்கிறது. காம்பவுண்ட் சாக்லேட் 400 கிராம், வறுத்து ஆறவைத்த பாதாம் அல்லது கடலை 250 கிராம். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் என்று சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்தும் தலைவலி கிடையாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, நீராவிச் சூட்டிலேயே உருக்குங்கள். கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். கடலையைக் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகப் பேப்பரில் வைத்தால் அரை மணியில் இறுகும். பிள்ளைகளையும் உட்காரவைத்துச் செய்யலாம்.

சங்கராந்திக்கு என்றால் நான் சொல்வது ‘எள்ளு பெல்ல’ என்ற எள்-வெல்லக் கலவைதான். இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பண்டத்தையே நம் கையால் கலந்து கொடுப்பதில் ஒரு அன்னியோன்யம் இருக்கிறது. வெள்ளை எள், தோல் நீக்கி உடைத்த வறுத்த கடலை, பொட்டுக்கடலை, கொப்பரைத் துண்டு, வெல்லத் துண்டு ஆகிய ஐந்தும்தான். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, அதையும் வெல்லத்தையும் பொட்டுக்கடலை அளவுக்குப் பொறுமையாக நறுக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் அது நாள்பட நிற்கிறது. இதோடு வைக்கிற சக்கரை அச்சை மல்லேஸ்வரத்திலோ காந்தி பஜாரிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மர அச்சை ஊறவைத்து, பாகைப் பதமாக ஊற்றிக் கிளி, யானை, தேர் என்று எடுப்பது கைப்பழக்கம் வேண்டிய வேலை.

மைசூர் பாகைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கடலை மாவு ஒரு கப், சர்க்கரை இரண்டு கப், நெய் இரண்டு கப், முக்கால் கப் தண்ணீர். நெய்யைப் பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டே இருக்கும்படி வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போது சுர்ரென்று பொங்கினால்தான் உள்ளே கூடு கூடாக வரும். இறக்கும் நொடி பத்து விநாடி தவறினாலும் ஒன்று அல்வா, இல்லையென்றால் செங்கல். பாகு கைக்கு வந்த பிறகு, பரிசுக்கு அல்லாமல் வீட்டுக்கென்று ஒரு முறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியில் போடுங்கள்.

பெட்டி

இனிப்பு முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும். லேசாகச் சூடு இருந்தாலும் ஆவி மூடியில் வேர்த்துச் சொட்டி, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். இராத்திரி செய்தால் காலையில் அடுக்குங்கள், இடையில் காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும்.

கடலை மிட்டாயையும் பர்ஃபியையும் பெட்டியின் ஒரே அறையில் வைக்காதீர்கள். பர்ஃபியின் ஈரம் மிட்டாய்க்குப் போய், மிட்டாய் நமத்து, பர்ஃபி வறண்டு, இரண்டுமே கெடும். ஒவ்வொரு மிட்டாயையும் பட்டர் பேப்பரில் தனியாக மடித்துச் சுற்றினால் பிரச்சினையே இல்லை. செய்தித்தாளில் எதையும் சுற்ற வேண்டாம், மை இனிப்பில் இறங்கும். அட்டைப் பெட்டியும் பேப்பரும் சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் மொத்த விலையில் கிடைக்கும். அரைக் கிலோப் பெட்டியில் பாதி காலியாக இருப்பதைவிடக் கால் கிலோப் பெட்டி நிறைய இருப்பது அழகு. எவர்சில்வர் டப்பாவில் கொடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நம் பக்கத்து வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள், நாம் கொடுத்த பரிசு அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும்.

பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். என்ன இனிப்பு, என்றைக்குச் செய்தது, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது. வேர்க்கடலை, முந்திரி, பால், எள் இவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும் விஷயம். கன்னடம், தமிழ், இந்தி, மலையாளம் என்று எல்லாரும் இருக்கிற கட்டிடமானால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மார்ஷ்மெல்லோ போன்ற ஜெலட்டின் சேர்ந்த எதையும் பெட்டியில் போடாதீர்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது, சைவக்காரர் வீட்டுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது. நாலைந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முழுக் கடலை, முழு பாதாம் உள்ளதைத் தவிர்த்து, கத்லி மாதிரி மென்மையானதைக் கொடுங்கள். கடலை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டுக்கு வெல்லத்தில் செய்தேன் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வெல்லமும் சர்க்கரைதான். அவர்களுக்கு வறுத்த பாதாம், பிஸ்தா ஒரு பாட்டில் கொடுத்தால் மனநிறைவாக வாங்கிக்கொள்வார்கள்.

எண்ணிக்கை போடும்போது கட்டிட வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, குப்பை எடுக்க வருகிறவர், பால் போடுகிறவர் எல்லாரையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று விட்டால் உடைந்த துண்டுகள்தான் அவர்களுக்குப் போகும். அப்படிக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே அளவு.

ஊருக்கு அனுப்புவதானால்

சென்னை, மதுரை, கோவை என்று அனுப்பக் கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும்தான் சரி. கூரியரில் பெட்டியைத் தூக்கிப் போடுவார்கள் என்பதை மனதில் வைத்து, டப்பாவுக்குள் துண்டுகள் ஆடாதபடி கசக்கிய பட்டர் பேப்பரை இடுக்கில் திணித்து, அதை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். கத்லியை ஆள் கையில் கொடுத்தனுப்பலாம், அதுவும் ரயிலில் இரவோடு இரவாகப் போகிறவரிடம். சாக்லேட்டைச் சென்னைக்கு அனுப்ப வேண்டாம். இங்கே இறுகி நின்றது அங்கே இறங்கும்போது இளகியிருக்கும். பண்டிகைக்கு முந்தைய வாரம் கூரியர்கள் தாமதமாகும், பத்து நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

பெட்டியைப் பார்த்துவிட்டு யாராவது காசு கொடுத்துக் கேட்க ஆரம்பித்தால், வீட்டுச் சமையலறையில் செய்வதானாலும் விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு அப்புறம் ஆர்டர் வாங்குங்கள்.

பாகு ஒட்டிய வாணலியைச் சுரண்டாதீர்கள். அது நிறையத் தண்ணீர் ஊற்றி, கரண்டியையும் உள்ளேயே போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எல்லாம் தானாகக் கரைந்து வந்துவிடும்.